நடுவில் ஆமென் கிடையாது

கடவுளிடம் சொல்ல ஒரு சொல்லும் இல்லாத ஒருத்தியை ஒரு ஜெபக்கூட்டம் எதற்காகத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்? பன்னிரண்டு வருஷங்களாக இந்தக் கேள்வியோடுதான் புதன்கிழமைதோறும் பாயில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். எனக்கு விடை தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒருவர் நேற்றுக் காலமாகிவிட்டார். அவரிடம் இதை நான் நேராகக் கேட்டதில்லை.

நேற்று முற்பகல் நான்காம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது கோயில் மணி அடித்தது. ஆராதனை மணி விடாமல் அடிக்கும். இது ஒன்று அடித்து, அதன் ஓசை முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது அடித்தது. "யாரோ போயிட்டாக, டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி. யார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். விடை தப்பு என்று வகுப்பு கலையும்போது அதே பிள்ளை சொன்னாள்.

சொர்ணத்தம்மாளை அறிந்த சபையாராகிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறியாத எவராவது இதை வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. தச்சநல்லூர்க் கடைத்தெருவில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சியின் மனைவி அவர். திசையன்விளைக்குத் தெற்கே, செம்மணல் தேரியில் பிறந்து, ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தாமிரபரணி அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. "இந்த ஆத்தைப் பாக்கும்போதெல்லாம் யாரோ குடத்தைக் கவுத்துட்டாகளேன்னு நெஞ்சு பதறுது" என்பார். குரல் பெரிது. கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. போதகர் ஐயரின் பிரசங்கம் நீண்டுவிட்டால் முந்தானையை உதறி மடிக்கும் சத்தம் ஆண்கள் பக்கம்வரை கேட்கும்.

அவரை நான் முதலில் பார்த்த நாள் எனக்கு நல்ல நாள் இல்லை. என் தகப்பனார் தச்சநல்லூர்ச் சைவக் குடும்பம் ஒன்றில் பிறந்து, சென்னையில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே பி.ஏ. தேறினேன். ஞானஸ்நானம், பைபிள், பாட்டு எல்லாம் எனக்குப் பிறப்போடு வந்தவை. நம்பிக்கை மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது. சுவர்க்கடிகாரம் நின்றதைக் கவனிக்கிறோம். நின்ற நேரத்தில் யாரும் அருகில் இருப்பதில்லை. தகப்பனாரின் மறைவுக்குப் பிறகு இங்குள்ள பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பார்ப்போம் என்று வந்தேன். வந்த மாதத்திலேயே தச்சநல்லூருக்கு நடந்து, ஒருநாளும் பார்த்திராத சிற்றப்பாவின் வீட்டைத் தேடிப் போனேன்.

அவர்கள்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. வாசலில் நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். சென்னையில் மழை எப்படி என்று கேட்டார்கள். விடைபெற்றுத் தெருமுனை திரும்பும்போது பின்னால் தண்ணீர் வீசிக் கொட்டும் சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கழுவிவிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

கடைத்தெருவுக்கு வந்ததும் ஒரு குரல் நிறுத்தியது.

"எம்மா, நில்லுங்க. அந்தத் தெருவுல இருந்தா வாரிய? புதுசா வந்த வாத்திச்சியம்மாதான?"

"ஆமாம். என் சிற்றப்பா வீட்டுக்குப் போனேன்."

"மோர் குடுத்திருப்பாகளே."

"கொடுத்தார்கள்."

"பெறவு கழுவியும் விட்டிருப்பாக."

அவர் கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் சாய்ந்துகொண்டு தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எங்கிட்ட கருப்பட்டி வாங்கிட்டுப் போயும் தண்ணி தெளிக்கத்தான் செய்யுதாக. கருப்பட்டியைக் கழுவுனா கையில என்ன மிஞ்சும்? அந்தப் புத்திகூட இல்ல."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை நானே நம்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் கூட்டம் இருக்கிறது, வர வேண்டும் என்றார். எனக்கு ஜெபிக்க வராது என்று பட்டென்று சொன்னேன். அப்படிச் சொன்னால் கூப்பிடுவதை விட்டுவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

"பாயில உக்கார வருமில்லா? அது போதும்" என்றார் சொர்ணத்தம்மாள்.

அந்தக் கூட்டத்தின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வாரம் ஒரு வீடு. பாயில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வோம். ஒருவர் ஜெபித்து நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவர் எடுப்பார். முன்னவர் கடைசியாகச் சொன்னதை ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடங்க வேண்டும். ஆமென் எல்லோருக்குமாகக் கடைசியில் ஒரு தடவை, நடுவில் கிடையாது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கணக்கு நம் சபையிலும் உண்டு என்பதை உங்களுக்கு நான் மறைக்க முடியாது. அந்தக் கணக்கைப் பார்த்து ஓரமாக ஒதுங்கிய என்னைச் சொர்ணத்தம்மாள் கையைப் பிடித்து இழுத்து, "ஏளா, கொஞ்சம் தள்ளுங்க, பாய் என்ன உங்க சீதனமா?" என்று இடம் பண்ணித் தமக்கு முன்னால் உட்கார்த்தினார். என் முறை முடிந்ததும் அவர் முறை. அவருக்கு அடுத்தவர் ஞானம்மாள்.

வட்டம் என்னிடம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்ல மனமில்லை. எழுந்து போகவும் துணிவில்லை. வெளியே ஆடு ஒன்று எதையோ மென்றுகொண்டிருந்தது. அது மெல்லும் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கடைசியில் என் முழங்காலில் இரண்டு விரல் வந்து தட்டியது. "அதேதான் ஆண்டவரே" என்று சொர்ணத்தம்மாள் எடுத்தார். நான் ஏதோ சொன்னதைப் போலவே திருப்பிச் சொல்லிவிட்டுத் தம்முடையதைத் தொடங்கிவிட்டார்.

அவருடைய ஜெபம் பாதி ஊர்வம்பு. "ஆண்டவரே, பேர் சொல்லமாட்டேன். மேலத்தெரு, கிணத்துக்கு எதுத்த வீடு. மாமியாளும் மருமவளும் பேசி மாசம் ஆகுது. உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளும் இங்கனதான் உக்காந்திருக்கா." கண்ணை மூடியபடியே பெண்கள் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். அந்த மருமகள் ஒரு நாள் அங்கேயே அழுதுவிட்டாள். அன்றே வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பேசியும் விட்டாள் என்று கேள்விப்பட்டேன். இதையெல்லாம் ஜெபம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வந்ததில்லை.

பிறகு நடந்தது நான் எதிர்பாராதது. புதன்கிழமைதோறும் நான் பேசாமலே இருந்தேன். அவர் தட்டி எடுத்துக்கொண்டே இருந்தார். சில மாதங்களில், டீச்சரம்மா உள்ளுக்குள்ளே பேசுகிறார், அது நம்முடைய ஜெபத்தைவிடப் பெரியது என்று கூட்டத்தில் ஒரு பேச்சு பரவிவிட்டது. எனக்கு அது தெரிய வந்த வாரமே, ஆமென் முடிந்ததும் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன்: "நான் அந்த நேரத்தில் ஜெபிப்பதில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதை நினைத்துக்கொண்டிருந்தேன்."

"கேட்டியளா, எம்புட்டு அடக்கம்!" என்றார் ஞானம்மாள்.

"கூரை ஒழுகுறதையும் ஆண்டவர்கிட்டதான சொல்லணும்" என்றார் இன்னொருவர்.

சொர்ணத்தம்மாள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்துத் தேறியவள் நான். உண்மையை இத்தனை தெளிவாகச் சொல்லி இத்தனை முழுமையாகத் தோற்றது அதுதான் முதல் தடவை.

யுத்தம் வந்தது. ஞானம்மாளின் மகன் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்து கடல்கடந்து பஸ்ராவுக்குப் போனான். மாதக்கணக்கில் தகவல் இல்லை. ஒரு காலையில் ஞானம்மாள் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். "டீச்சரம்மா, எம் மவனுக்காக ஒரு நேரம் சும்மா இருங்கம்மா" என்றார். ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். சும்மா இருக்கச் சொன்னால் எப்படி மறுப்பது? பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் பிறகு உயிரோடு வந்து சேர்ந்தான். அது எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. அதன்பின் என் வீட்டுப் படி காலியாக இருந்த காலை குறைவு.

பிழைக்காத குழந்தையும் உண்டு. அதன் தாய் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே பெயர் வேண்டாம். அவரும் என் படியில் வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். குழந்தை அதே வாரத்தில் இறந்தது. அந்தப் புதன்கிழமை நான் போகவில்லை. பள்ளிக்கூட வேலை என்று சொல்லி அனுப்பினேன். சொர்ணத்தம்மாள் கூட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"எந்திரிங்க. எல்லாரும் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காளுவ."

"நான் இனி வரமாட்டேன். என் பேரில் நடப்பது ஏமாற்று."

"யாரு ஏமாத்துதா? வாயைத் தொறந்து ஒரு பொய் சொன்னியளா?"

"சொல்லவில்லை. ஆனால் அவர்கள் நினைப்பது உண்மை இல்லை. எனக்குள்ளே ஒன்றும் இல்லை, சொர்ணத்தம்மாள்."

"அது எனக்கு மொத நாளே தெரியும்" என்றார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "எனக்கும் பாதி நாளு ஒண்ணும் கெடையாது. நான் பேசி மறைக்கேன், நீங்க பேசாம இருக்கிய. அம்புட்டுத்தான் வித்தியாசம். பிள்ளையைப் பறிகுடுத்தவ வந்து உக்காந்திருக்கா. உங்க எடம் காலியா இருக்குன்னு மூணு தடவ கண்ணைத் தொறந்து பாத்துட்டா. அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்க வந்து சொல்லுங்க."

போனேன். அந்தத் தாய் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு என் முறை வந்தபோது சொர்ணத்தம்மாள் வெகு நேரம் தட்டவில்லை.

அவர் எனக்கு ஆறுதல் சொன்னவர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வேலை கொடுத்தவர் என்று எழுதலாம். "சும்மா இருக்கது புதன்கிழமைக்குப் போதும். மத்த நாளு சாயங்காலம் இவளுவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க. மவன் பஸ்ராவுல இருந்து எழுதுனதை வாசிக்க ஒருத்தி ஊரெல்லாம் ஓடணுமா?" என்று அவரே ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். அவரும் வந்து உட்கார்ந்தார். ணகரத்தோடு பெரிய சண்டை போட்டார். இத்தனை சுழி எதற்கு, கடைக்காரன் எவனாவது சரக்கை இப்படிச் சுற்றிக் கட்டுவானா என்பார். ஒரு வருஷத்துக்கென்று வந்த நான் இன்றுவரை இங்கே இருப்பதற்கு, காரணம் என்று கையில் எடுத்துக் காட்டக் கூடியது அந்த மாலை வகுப்பு ஒன்றுதான்.

ஆனாலும் வருஷக் கடைசி வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. போய்விட வேண்டும் என்று தகரப்பெட்டியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்துத் துணி அடுக்குவேன். பிறகு இறக்குவேன். இது எப்படியோ அவருக்குத் தெரிந்துபோயிற்று. வழியில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பது போலக் கேட்பார்: "என்ன வாத்திச்சியம்மா, பெட்டி மேலயா, கீழயா?" கடைத்தெருவில் நாலு பேர் நடுவே இதைக் கேட்டு என்னைத் தலைகுனிய வைத்ததும் உண்டு. மற்ற பெண்களைப் போல நீங்களும் என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுங்கள் என்று பல தடவை சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை.

இந்த வருஷம் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேலை வந்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் நான் பதில் எழுத வேண்டும். நான் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை. அங்கே என்னைப் பற்றி எவரும் தவறாக ஒன்றும் நினைக்கமாட்டார்கள். சனிக்கிழமை இதைச் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சலில் முகம் சிறுத்துப்போயிருந்தது. செல்லையா அண்ணாச்சி சுக்குநீரை ஆற்றிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

நான் வாய் திறக்குமுன் சொர்ணத்தம்மாளே கேட்டார்: "பெட்டி?"

"மேலே" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அண்ணாச்சி, "பேசாம கிடயேம்ளா" என்று அதட்டினார். "நீரு சும்மா இரும்" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "போணும்னா போங்க. யாரும் காலைப் பிடிக்கமாட்டோம். புதன்கிழமை மட்டும் போவாதிய. வெயாழக்கெழம பாத்துப் போங்க."

என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அவர் இல்லாமல் எனக்கு அந்தப் பாயில் என்ன இடம் என்று நான் அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மௌனம் இன்னதென்று தெரிந்து, அது எங்கே முடிய வேண்டும் என்றும் தெரிந்து எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று காலை அடக்கம். மேலத்தெரு மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் வந்தார்கள். என் சிற்றப்பா வீட்டிலிருந்து ஒருவர் வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சாலையில் நின்று பார்த்துவிட்டுப் போனார். கருப்பட்டி வாங்கிய பழக்கமாக இருக்கலாம். குழியில் மண் போடும்போது ஐயர் நிச்சயமான நம்பிக்கையைப் பற்றி வாசித்தார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த மண் ஈரமாக இருந்தது என்பது மட்டும். தேரியில் பிறந்தவரை ஆற்றங்கரை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

நல்ல கிறிஸ்தவர்கள் அவரிடமிருந்து விசுவாசத்தைப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. முழங்காலில் இரண்டு விரல் தட்டியது. ஒன்றும் சொல்லாதவளைப் பார்த்து "அதேதான் ஆண்டவரே" என்று சொல்லும் துணிச்சல். கருப்பட்டியைக் கழுவினால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை, அடக்கம் முடிந்து வந்த பிறகு. மறுநாள் நடந்ததை மட்டும் சேர்த்து நிறுத்திக்கொள்கிறேன்.

புதன்கிழமை கூட்டம் ஞானம்மாள் வீட்டில். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்; ஊரைவிட்டுப் போவதானாலும் வியாழக்கிழமைதான் என்று சொர்ணத்தம்மாள் சொல்லியிருந்ததால் போனேன். எனக்கும் ஞானம்மாளுக்கும் நடுவே ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அப்படி இருக்கும்படி சொல்லியிருக்கமாட்டார்கள். ஜெபம் தொடங்கி, வரிசையாக என்னிடம் வந்து நின்றது. நான் பேசவில்லை. யாரும் எடுக்கவில்லை. என் மௌனம் எங்கே முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. என் முறையில் பேசுவது தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆற்றுப் பாலத்தின்மேல் ரயில் ஏறும் சத்தம் கேட்டது, முழுக்கக் கடந்து ஓய்ந்தது. அப்போதும் காத்திருந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார். அந்தக் காலி இடத்திலிருந்து எந்த விரலும் வரப்போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் வாயைத் திறந்தேன். "போன வாரம் சொர்ணம் மைனி இங்கே இருந்தார்கள். இன்றைக்கு இல்லை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காலி இடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானம்மாள் எடுத்தார்.

"எங்களுக்கும் ஒண்ணும் தெரியல, ஆண்டவரே" என்று தொடங்கினார்.

அங்கிருந்து அடுத்தவருக்குப் போயிற்று. கடைசிவரை போய்த்தான் ஆமென் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கீழே தள்ளினேன். துணிகள் அடுக்கியது அடுக்கியபடி உள்ளேதான் இருக்கின்றன.